200 டாலர் மரபணுத்தொகுதி: விலை எதற்கு, எந்த முறை எதற்கு

முழு மனித மரபணுத்தொகுதியை (ஜீனோம், அதாவது ஒருவரின் டி.என்.ஏ. முழுவதையும்) 200 டாலருக்கு வாசித்துவிடலாம் என்று கருவி நிறுவனங்கள் அறிவிக்கின்றன. ஆய்வகத்தை அணுகினால் பல மடங்கு கட்டணம் சொல்கிறார்கள். இவற்றில் எதை நம்புவது, இருக்கிற தொழில்நுட்பங்களுள் எது மலிவு என்பது கேள்வி. இரண்டுமே பொய்யான எண்கள் அல்ல. முதல் எண், பெரிய கருவி ஒன்று இடைவெளியின்றி முழுக் கொள்ளளவில் ஓடும்போது ஒரு மாதிரிக்குச் செலவாகும் வேதிப்பொருளின் விலை. இரண்டாவது எண், குருதிக் குழாய் ஆய்வகத்துக்கு வந்த கணத்திலிருந்து ஒரு மருத்துவர் கையெழுத்திட்ட அறிக்கை வெளியேறும் வரை நடக்கும் அனைத்துக்குமான விலை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் புரிந்துகொள்ள, கருவிகள் எப்படி வாசிக்கின்றன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். விலையின் ஏற்ற இறக்கமெல்லாம் அந்த வேதியியலுக்குள்தான் இருக்கிறது.

மனித மரபணுத்தொகுதி சுமார் 310 கோடி கார இணைகளை, அதாவது டி.என்.ஏ. எழுத்துகளை, கொண்டது. முதலாவது குரோமோசோம் மட்டுமே 24 கோடிக்கு மேற்பட்ட இணைகள் நீளமானது. இதை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே வீச்சில் வாசிக்கும் கருவி இன்று வரை இல்லை. எல்லா முறைகளும் டி.என்.ஏ.வைத் துண்டுகளாக எடுத்து, ஒவ்வொரு துண்டையும் வாசித்து, பிறகு கணினியில் அவற்றைப் பொருத்துகின்றன. எனவே ஒரு முறையை மதிப்பிட மூன்று அளவுகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும்: ஒரு துண்டை எவ்வளவு நீளம் வாசிக்கிறது, எவ்வளவு பிழையின்றி வாசிக்கிறது, ஓர் எழுத்துக்கு எவ்வளவு செலவாகிறது. மூன்றிலும் ஒருசேர முதலிடம் பெறும் முறை இதுவரை வரவில்லை.

ஃபிரெடரிக் சாங்கர் 1977இல் வெளியிட்ட முறை, டி.என்.ஏ. நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியைப் பாதி வழியில் நிறுத்துவதை அடிப்படையாகக் கொண்டது. நியூக்ளியோடைடுகள் என்பவை டி.என்.ஏ. சங்கிலியில் எழுத்துகளாகச் சேரும் மூலக்கூறுகள். சங்கிலியை மேலும் நீளவிடாத டைடியாக்ஸி நியூக்ளியோடைடுகளைச் சிறிதளவு கலந்துவிட்டால், ஒவ்வொரு எழுத்திலும் நின்றுபோன துண்டுகள் கிடைக்கும். அவற்றை நீள வரிசையில் பிரித்தால் எழுத்துகளின் வரிசை தெரிந்துவிடும். அதே ஆண்டு ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸின் சுமார் 5,400 எழுத்துகளை சாங்கர் குழுவினர் வெளியிட்டார்கள். 1980களில் கதிரியக்கக் குறிகளின் இடத்துக்கு ஒளிரும் சாயங்கள் வந்தன. 1990களின் இறுதியில் ஜெல் தகடுகளின் இடத்துக்கு 96 நுண்குழாய்கள் கொண்ட தானியங்கிக் கருவிகள் வந்தன. ஒரு நுண்குழாய் சுமார் 800 எழுத்துகளைத் தரும் என்று கொண்டால், ஓர் ஓட்டத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 77,000 எழுத்துகள். 310 கோடியை ஒரே ஒரு முறை வாசிக்கவே 40,000 ஓட்டங்கள் வேண்டும். துண்டுகளைப் பொருத்த ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 8 அல்லது 10 முறை வாசித்தாக வேண்டும் என்பதால் உண்மையான தேவை 3 லட்சத்தைத் தாண்டும். செலவு வானளாவியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை: ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் குழாய், தனி வினை, தனி உழைப்பு.

1990இல் தொடங்கி 2003இல் முடிந்த மனித மரபணுத்தொகுதித் திட்டத்துக்கு 1991ஆம் ஆண்டு மதிப்பில் சுமார் 270 கோடி டாலர் ஆனது. இதை முதல் மனித மரபணுத்தொகுதியின் வாசிப்புச் செலவு என்று பலரும் எழுதுவது சரியல்ல. வரைபடம் உருவாக்குதல், ஈஸ்ட், புழு, ஈ போன்ற மாதிரி உயிரிகளின் ஆய்வு, கருவி மேம்பாடு, அறநெறி ஆய்வுகள் ஆகிய அனைத்தும் அத்தொகையில் அடங்கும். வாசிப்பை மட்டும் தனியே கணக்கிட அமெரிக்கத் தேசிய மனித மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனம் ஒரு தொடர் பட்டியலைப் பராமரித்து வந்தது. அதன்படி 2001 செப்டம்பரில் ஒரு மரபணுத்தொகுதிக்கான செலவு சுமார் 9.5 கோடி டாலர். சாங்கர் முறை இன்றும் வழக்கொழியவில்லை. ஒரே ஒரு மரபணுவின் ஒரே ஓர் இடத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் அதைவிட எளிமையான, நம்பகமான வழி கிடையாது. அங்கே பெரிய கருவியை ஓட்டுவது வீண் செலவு.

செலவு சரிந்த கதை 2005இல் 454 லைஃப் சயின்சஸ் நிறுவனத்தின் கருவியோடு தொடங்குகிறது. ஒவ்வொரு துண்டையும் ஒரு நுண்மணியின் மேல் பெருக்கி, அம்மணிகளை லட்சக்கணக்கான நுண்குழிகளில் இட்டு, எழுத்து சேரும்போது வெளிப்படும் பைரோபாஸ்பேட் என்ற வேதிப்பொருளை ஒளியாக மாற்றிப் படம்பிடித்தது அக்கருவி. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனின் மரபணுத்தொகுதி இம்முறையில் இரண்டு மாதங்களில், நுண்குழாய் முறைக்கு ஆகியிருக்கக்கூடிய செலவில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கில் வாசிக்கப்பட்டு 2008இல் வெளியானது. ஒரே எழுத்து தொடர்ந்து ஆறேழு முறை வந்தால் ஒளியின் அளவை வைத்து எண்ணிக்கையைச் சரியாகச் சொல்ல முடியாமல் போவது அதன் தீராத குறை. அம்முறை சந்தையில் நிலைக்கவில்லை. ஆனால் ஒரே பரப்பில் லட்சக்கணக்கான வினைகளை ஒரே நேரத்தில் நடத்தலாம் என்பதை அது நிறுவிக் காட்டியது.

இன்று உலகில் உருவாகும் வரிசைத் தரவில் மிகப் பெரும் பங்கைத் தரும் முறை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சங்கர் பாலசுப்பிரமணியனும் டேவிட் கிளெனர்மனும் 1990களின் பிற்பகுதியில் உருவாக்கிய கருத்திலிருந்து வளர்ந்தது. அவர்கள் தொடங்கிய சொலெக்ஸா நிறுவனத்தை 2007இல் இலுமினா வாங்கியது. துண்டுகளின் இரு முனைகளிலும் அடாப்டர் எனப்படும் தெரிந்த வரிசைகளை ஒட்டி, ஃப்ளோ செல் என்ற கண்ணாடிப் பரப்பில் பதிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் அங்கேயே பெருகி, ஒரே வரிசையின் நகல்கள் அடங்கிய சிறு கொத்தாகிறது. பிறகு நிறச் சாயமும் தற்காலிகத் தடுப்பும் கொண்ட நியூக்ளியோடைடுகள் பரப்பின் மேல் பாய்ச்சப்படுகின்றன. தடுப்பு இருப்பதால் ஒவ்வொரு கொத்திலும் ஒரே ஓர் எழுத்துதான் சேரும். படம் எடுக்கப்படுகிறது, சாயமும் தடுப்பும் வெட்டி நீக்கப்படுகின்றன, அடுத்த எழுத்து சேர்கிறது. இவ்வளவுதான் ஒரு சுழற்சி. சாங்கர் முறையில் நிரந்தரமாக இருந்த தடுப்பை நீக்கக்கூடியதாக மாற்றியதே இங்கே நிகழ்ந்த பெரும் பாய்ச்சல் என்பது என் கருத்து.

இம்முறை ஏன் இவ்வளவு மலிவானது என்பதற்கும், ஏன் நீண்ட துண்டுகளை வாசிக்க இயலாதது என்பதற்கும் விடை இந்தச் சுழற்சியிலேயே இருக்கிறது. பரப்பின் மேல் பாயும் திரவத்தின் அளவு, அங்கே பத்து லட்சம் கொத்துகள் இருந்தாலும் நூறு கோடி கொத்துகள் இருந்தாலும் அதிகம் மாறுவதில்லை. கொத்துகளை நெருக்கமாக அடுக்க அடுக்க, ஓர் எழுத்துக்கான செலவு தானாகக் குறைகிறது. பரப்பில் முன்கூட்டியே ஒழுங்காகச் செதுக்கிய நுண்குழிகளும், நான்கு நிறங்களுக்குப் பதிலாக இரண்டே நிறங்களால் நான்கு எழுத்துகளையும் அடையாளம் காணும் உத்தியும் இந்த நெருக்கத்தையும் வேகத்தையும் மேலும் கூட்டின. (இரு நிற உத்தியில் ஜி என்ற எழுத்துக்கு நிறமே கிடையாது, ஒளி மங்கிய கொத்துகள் நீளமான ஜி வரிசைகளாகத் தவறிப் பதிவாவதை இத்தரவைக் கையாளும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.) மறுபுறம், ஒரு கொத்திலுள்ள எல்லா நகல்களும் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரே அடியில் முன்னேறுவதில்லை. சில பின்தங்குகின்றன, சில முந்திவிடுகின்றன. நூறு, இருநூறு சுழற்சிகளுக்குப் பின் கொத்தின் ஒளி கலங்கிவிடுகிறது. ஒவ்வொரு முனையிலிருந்தும் 150 எழுத்துகளோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வதன் காரணம் இதுவே.

மேற்சொன்ன அமெரிக்க நிறுவனத்தின் பட்டியலில் 2007 வரை செலவுக் கோடு மெதுவாகவே இறங்கியது. கணினிச் சில்லுகளின் திறன் இரண்டாண்டுகளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் வேகத்தோடு அது ஒத்துப்போனது. 2008 தொடக்கத்தில் ஆய்வு மையங்கள் புதிய கருவிகளுக்கு மாறியதும் கோடு செங்குத்தாக விழுந்தது. சுமார் நான்கே ஆண்டுகளில் கோடி டாலர் அளவிலிருந்து பத்தாயிரம் டாலருக்கு அருகே வந்துவிட்டது. அதன்பின் சரிவு மந்தமானது. 2022இல் அப்பட்டியலின் மதிப்பு 500 டாலரை ஒட்டி இருந்தது. மந்தத்துக்கு வேதியியலின் எல்லை மட்டும் காரணம் என்று நான் கருதவில்லை. சந்தையின் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததும் காரணமே. 2022ஆம் ஆண்டில் மட்டும் எத்தனை மாற்றங்கள் நிகழ்ந்தன என்று பாருங்கள்: அல்டிமா ஜினோமிக்ஸ் நிறுவனம் சுழலும் சிலிக்கான் தகட்டின் மேல் திரவத்தைப் பரப்பி 100 டாலருக்கு வாசிக்க முடியும் என்று அறிவித்தது, எலிமென்ட் பயோசயின்சஸ் நடுத்தர அளவிலான அவிட்டி கருவியைக் கொண்டுவந்தது, காப்புரிமை வழக்குகளின் முடிவில் இலுமினா, சீனக் கருவி நிறுவனமான எம்.ஜி.ஐ.யின் குழுமத்தைச் சேர்ந்த கம்ப்ளீட் ஜினோமிக்ஸுக்கு 32.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த வழக்கின் மையத்தில் இருந்தது நான் மேலே சொன்ன இரு நிற உத்தியே. இலுமினா நோவாசீக் எக்ஸ் கருவியை அறிவித்து 200 டாலர் என்று சொன்னதும் அதே ஆண்டில்தான். 2023இல் எம்.ஜி.ஐ. தன் மிகப் பெரிய கருவிக்கு 100 டாலருக்கும் குறைவாக என்றது.

இப்போது அந்த 200 டாலரைப் பிரித்துப் பார்க்கலாம். இதற்கு முந்தைய மைல்கல்லான 1,000 டாலர் அறிவிப்பு 2014இல் ஹைசீக் எக்ஸ் டென் கருவித் தொகுப்போடு வந்தபோது, இலுமினா அதன் உட்பிரிவுகளை வெளிப்படையாகச் சொன்னது: வேதிப்பொருட்களுக்கு 797 டாலர், கருவித் தேய்மானத்துக்கு 137 டாலர், மாதிரி தயாரிப்புக்கு 55 முதல் 65 டாலர். அதற்கு விதித்த நிபந்தனை, குறைந்தது பத்துக் கருவிகளை ஏறத்தாழ 1 கோடி டாலருக்கு வாங்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 18,000 மரபணுத்தொகுதிகள் என்ற வேகத்தில் அவை ஓட வேண்டும். அந்த அளவுக்கு மாதிரிகள் வராத ஆய்வகத்துக்கு 1,000 டாலர் என்பது எட்டாத எண்ணாகவே இருந்தது. 200 டாலர் அறிவிப்பு இன்னும் சுருங்கியது. அது ஒரு கிகாபேஸ், அதாவது நூறு கோடி எழுத்துகள், 2 டாலர் என்ற விகிதத்தில் மிகப் பெரிய ஃப்ளோ செல்லுக்கான வேதிப்பொருள் விலை மட்டுமே. ஒவ்வோர் இடத்தையும் சுமார் 30 முறை வாசிக்க ஒரு மரபணுத்தொகுதிக்கு ஏறத்தாழ 100 கிகாபேஸ் தேவை. அந்த ஃப்ளோ செல் ஓர் ஓட்டத்தில் சுமார் 8,000 கிகாபேஸ் தருகிறது. எனவே அதன் விலை 16,000 டாலர் அளவில் வரும். நிரம்பிய பேருந்தில் பயணக் கட்டணம் குறைவாகவும், பத்துப் பேரே ஏறிய பேருந்தில் அதே வாடகை ஒவ்வொருவர் தலையிலும் பெருஞ்சுமையாகவும் விழுவதைப் போல, எழுபது, எண்பது மாதிரிகளைச் சேர்த்து ஓட்டினால் ஒன்றுக்கு 200 டாலர். கையில் பத்து மாதிரிகளே இருந்தால் 1,600 டாலர். போதிய மாதிரிகள் சேரும் வரை காத்திருந்தால் செலவு குறையும், ஆனால் அறிக்கை வாரக்கணக்கில் தள்ளிப்போகும். சிறிய ஆய்வகங்கள் நடுத்தரக் கருவிகளை வைத்துக்கொண்டு எழுத்துக்கு அதிக விலை கொடுப்பதன் நியாயம் இதுவே; அவை ஏமாற்றுவதாக எண்ண வேண்டாம்.

வேதிப்பொருளைத் தவிர வேறென்ன செலவு இருக்கிறது என்பதற்கு இங்கிலாந்துப் பொது மருத்துவத் துறை ஆய்வகம் ஒன்றின் செலவுகளைப் படிப்படியாகக் கணக்கிட்டு 2020இல் வெளியான ஆய்வு நல்ல சான்று. கட்டியும் இயல்பான திசுவும் சேர்ந்த ஒரு புற்றுநோய் நோயாளிக்கு 6,841 பவுண்டு. குழந்தை, தாய், தந்தை என மூன்று மாதிரிகள் கொண்ட அரிய நோய் ஒன்றுக்கு 7,050 பவுண்டு. அப்போது மொத்தத்தில் 68 முதல் 72 விழுக்காடு வரை வாசிப்புக்கான நுகர்பொருட்களே விழுங்கின. அந்தப் பங்கு இன்று கணிசமாகச் சுருங்கியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மீதமிருந்த பணியாளர், கருவி, தரச் சரிபார்ப்பு, கணினி, அறிக்கை ஆகியவற்றுக்கான பவுண்டுகள் அதே வேகத்தில் சுருங்கக் காரணம் ஏதுமில்லை. மேலே குறிப்பிட்ட அமெரிக்கப் பட்டியலும் தொழில்நுட்ப மேம்பாடு, தனித்தனித் திட்டங்களின் மேலாண்மை, வாசிப்புக்குப் பிந்தைய பகுப்பாய்வு ஆகியவற்றைச் சேர்க்காமலேயே கணக்கிடப்பட்டது. அதன் வரைபடத்தைக் காட்டி மருத்துவமனைக் கட்டணத்தைக் குறைசொல்வது பொருந்தாது.

குறுகிய துண்டுகள் எதைத் தவறவிடுகின்றன என்பதைப் பேசாமல் விலையை ஒப்பிடுவதும் பொருந்தாது. மனித மரபணுத்தொகுதியில் சரிபாதி அல்லது அதற்கு மேற்பட்ட பகுதி திரும்பத் திரும்ப வரும் வரிசைகளால் ஆனது. பத்து இடங்களில் ஒரே மாதிரி இருக்கும் வரிசையிலிருந்து வந்த 150 எழுத்துத் துண்டு, எந்த இடத்தைச் சேர்ந்தது என்று எந்தக் கணிப்பு நிரலாலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அறிவுசார் குறைபாட்டை உண்டாக்கும் எளிதில் உடையும் எக்ஸ் நோய்க்குறியில் (ஃப்ராஜைல் எக்ஸ்) எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் ஒரு மூன்றெழுத்துக் கோவை 200 முறைக்கு மேல் அடுக்கி வருகிறது. அது 600 எழுத்துகளுக்கு மேற்பட்ட நீளம். 150 எழுத்துத் துண்டு அதன் இரு கரைகளையும் ஒருசேரத் தொட வழியே இல்லை. பெரிய நீக்கங்கள், தலைகீழான பகுதிகள், இடம் மாறிய பகுதிகள் ஆகியவற்றிலும் இதே சிக்கல்தான். 2003இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு வாசிக்கப்படாமலேயே இருந்தது. டெலோமியர் (குரோமோசோமின் முனை) முதல் டெலோமியர் வரை என்ற ஆய்வாளர் கூட்டமைப்பு 2022இல் அதை நிரப்பியது; நீண்ட துண்டுகளை வாசிக்கும் இரண்டு தொழில்நுட்பங்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

அவற்றுள் முதலாவது பேக்பயோ நிறுவனத்துடையது. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய நுண்குழி ஒன்றின் அடியில் ஒற்றைப் பாலிமரேஸ் மூலக்கூறைப் பொருத்துகிறார்கள். குழி அவ்வளவு சிறியது என்பதால் அதன் அடித்தளம் மட்டுமே ஒளியூட்டப்படுகிறது. நொதி ஒவ்வொரு எழுத்தையும் சேர்க்கும்போது அதன் சாயம் மின்னுவதை நேரடியாகப் பார்க்க முடிகிறது. பெருக்கமும் கிடையாது, கொத்தும் கிடையாது, ஆகவே அடி தவறுவதும் கிடையாது. ஆனால் ஒற்றை மூலக்கூறின் மின்னலைப் பிடிப்பதால் நூறு எழுத்துக்குப் பத்துக்கு மேல் பிழை வந்தது. தொடக்ககாலத்தில் பலர் இம்முறையை ஒதுக்கியது அதனால்தான். அதற்குக் கிடைத்த தீர்வு அழகானது. துண்டின் இரு முனைகளையும் வளையங்களால் இணைத்து வட்டமாக்கிவிட்டால் நொதி அதையே சுற்றிச்சுற்றி வாசிக்கும். பிழைகள் ஒவ்வொரு சுற்றிலும் வெவ்வேறு இடங்களில் விழுவதால், பல சுற்றுகளை ஒப்பிட்டால் அவை ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். ஹைஃபை என்று 2019 முதல் அறியப்படும் இத்தகைய வாசிப்புகள் 15,000 முதல் 20,000 எழுத்துகள் வரை நீளமும் 99.9 விழுக்காட்டை ஒட்டிய துல்லியமும் கொண்டவை. ஒரு சில்லில் 2.5 கோடி நுண்குழிகளைக் கொண்டு 2022இல் அறிவிக்கப்பட்ட ரெவியோ கருவி, இவ்வகை மரபணுத்தொகுதியின் வேதிப்பொருள் செலவை 1,000 டாலருக்குக் கீழே கொண்டுவந்தது.

இரண்டாவதான ஆக்ஸ்ஃபோர்டு நானோபோரில் நகலெடுத்தலும் இல்லை, ஒளியும் இல்லை. சவ்வில் பதித்த புரதத் துளையின் வழியே டி.என்.ஏ. இழை ஒன்று மெல்ல இழுக்கப்படுகிறது. துளையின் குறுகலான பகுதியில் எந்தச் சில எழுத்துகள் நிற்கின்றனவோ அதற்கேற்ப அயனி மின்னோட்டம் மாறுகிறது. அந்த மாற்றத்தை நரம்பியல் வலையமைப்பு நிரல்கள் எழுத்துகளாக மாற்றுகின்றன. நீளத்துக்கு இங்கே கொள்கையளவில் வரம்பே இல்லை. மாதிரியிலிருந்து எவ்வளவு நீளமான டி.என்.ஏ.வைச் சிதையாமல் எடுக்கிறோம் என்பதே வரம்பு. பத்து லட்சம் எழுத்துகளைத் தாண்டிய ஒற்றை வாசிப்புகள் பதிவாகியிருக்கின்றன. மெத்தில் குழு என்ற சிறு வேதிக் குறி ஒட்டிய எழுத்துகள் மின்னோட்டத்தை வேறு விதமாக மாற்றுவதால், தனிச் சோதனை இல்லாமலேயே எந்த மரபணு செயல்படாமல் அடக்கிவைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான தடயமும் அதே தரவில் கிடைக்கிறது. பேக்பயோ முறையிலும் நொதியின் வேகத்தைக் கவனித்து இதை அறியலாம். ஒரே எழுத்து நீளமாக அடுக்கி வரும் இடங்களில் எண்ணிக்கை தவறுவது நானோபோரின் பழைய பலவீனம். புதிய துளைகளும் நிரல்களும் அதைப் பெருமளவு குறைத்திருந்தாலும், ஓரெழுத்துச் சேர்க்கை, நீக்கங்களை அதை மட்டும் நம்பி முடிவு செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நானோபோரின் தனிச் சிறப்பு, நுழைவு விலையும் வேகமும். உள்ளங்கையில் அடங்கும் மினியான் கருவி 2014இல் 1,000 டாலர் தொகுப்பாக முதல் பயனர்களுக்குக் கொடுக்கப்பட்டது. எழுத்துக்கான விலை பெரிய கருவிகளைவிட அதிகம்தான்; ஆனால் கோடிக்கணக்கில் மூலதனம் வேண்டாம், மாதிரிகள் சேரக் காத்திருக்கவும் வேண்டாம். 2015இல் கினி நாட்டில் எபோலா பரவியபோது, பயணப் பெட்டிகளில் எடுத்துச் சென்ற இக்கருவிகளைக் கொண்டு, மாதிரி கிடைத்த 24 மணி நேரத்துக்குள் வைரஸின் வரிசையை அறிந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு குழுவினர் 48 ஃப்ளோ செல்களை ஒரே நேரத்தில் ஓட்டி, தீவிர சிகிச்சையிலிருந்த ஒருவருக்கு 7 மணி 18 நிமிடத்தில் மரபணு நோயறிதலைத் தந்ததை 2022இல் வெளியிட்டார்கள். அப்படி வாசிப்பது மலிவல்ல. ஆயினும் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளுக்கு ஆகும் செலவையும், தவறான சிகிச்சையின் விளைவையும் எடைபோட்டால், எழுத்துக்கு எவ்வளவு என்ற கேள்வியே அங்கே பொருளற்றது.

செலவைத் தீர்மானிக்கும் அடுத்த காரணி ஆழம், அதாவது ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக எத்தனை முறை வாசிக்கிறோம் என்பது. நாம் ஒவ்வொரு குரோமோசோமையும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டாகப் பெறுகிறோம். ஓரிடத்தில் ஒன்றில் மட்டும் மாற்றம் இருக்கிறது என்று கொள்ளுங்கள். அவ்விடத்தை ஐந்து முறையே வாசித்தால், ஐந்தும் மாற்றமில்லாத நகலிலிருந்தே வர 3 விழுக்காடு வாய்ப்பு உண்டு. லட்சக்கணக்கான இடங்களில் அது பெருந்தவறாகிவிடும். மேலும் கியூ30 என்று கருவிகள் தரச்சான்று சொல்லும் தரம்கூட ஆயிரம் எழுத்துக்கு ஒரு பிழை என்பதையே குறிக்கிறது. உண்மையான மாற்றத்தைப் பிழையிலிருந்து பிரிக்கத் திரும்பத் திரும்ப வாசித்தாக வேண்டும். 30 மடங்கு ஆழம் வழக்கமான அளவானது இதனாலேயே. ஆனால் அது எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் அளவல்ல. கட்டியில் நூற்றில் ஐந்து டி.என்.ஏ. இழைகளில் மட்டும் இருக்கும் மாற்றத்தை 30 மடங்கு ஆழத்தில் தேடினால் ஒன்றிரண்டு வாசிப்புகளே அதைக் காட்டும். பிழையிலிருந்து அதைப் பிரிக்க முடியாது. அங்கே சில நூறு மரபணுக்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பல நூறு மடங்கு ஆழத்தில் வாசிப்பதே அறிவுடைமை. அதற்கு நேர்மாறாக, கருவிலுள்ள குழந்தைக்கு 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறதா என்று தாயின் குருதியில் பார்க்க, ஒரு மடங்குக்கும் குறைந்த ஆழமே போதும். எழுத்துகளைப் படிப்பது அங்கே நோக்கமல்ல, அந்தக் குரோமோசோமிலிருந்து வந்த துண்டுகளின் விகிதத்தை எண்ணுவதே நோக்கம்.

புரதங்களுக்கான பகுதிகளை மட்டும் பிடித்து வாசிக்கும் எக்ஸோம் முறை, மொத்தத்தில் 1 முதல் 2 விழுக்காட்டையே தொடுவதால் நீண்ட காலம் மலிவான மாற்றாக இருந்தது. ஆனால் அப்பகுதிகளைப் பிடிக்கும் ஆய்வுத் தூண்டில்களின் விலையும் அதற்கான உழைப்பும் வாசிப்புச் செலவைப் போலச் சரியவில்லை. ஆகவே இடைவெளி ஆண்டுதோறும் சுருங்குகிறது. அரிய நோய்க்கு முதன்முறையாகச் சோதிப்பவர்களுக்கு, இரண்டின் கட்டண வேறுபாடு தாங்கக்கூடியதாக இருந்தால், முழு மரபணுத்தொகுதியையே நான் சொல்வேன். அறிகுறிகள் ஒரு குறிப்பிட்ட மரபணுவையோ சிறு குழுவையோ தெளிவாகச் சுட்டினால், இரண்டுமே வேண்டாம்.

வாசித்து முடித்த பின்னர் தொடங்கும் வேலையே பெரிது. ஒப்பீட்டுக்குப் பொது அளவுகோலாக வைத்திருக்கும் மேற்கோள் வரிசையோடு ஒப்பிட்டால் ஒவ்வொருவரிடமும் 41 லட்சம் முதல் 50 லட்சம் வரை மாற்றங்கள் இருக்கும். அவற்றுள் நோய்க்குக் காரணமான ஒன்றையோ இரண்டையோ கண்டறிய, மக்கள்தொகையில் அம்மாற்றம் எவ்வளவு பரவலானது, முன்பு யாரிடம் பதிவானது, புரதத்தை எப்படிப் பாதிக்கும் என்று பயிற்சி பெற்றவர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 2015இல் வெளியான அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியின் வழிகாட்டுதல் மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. நடுவிலுள்ள பொருள் தெளிவற்றவை என்ற வகையே மருத்துவரையும் குடும்பத்தையும் அதிகம் வருத்துவது. இந்த இடத்தில் நான் வற்புறுத்த விரும்புவது, பெற்றோரையும் சேர்த்து மூவராக வாசிப்பதன் பயன். செலவு மூன்று மடங்காகத் தோன்றும். ஆனால் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய மாற்றங்கள் சில பத்துகளே, அவற்றில் புரதப் பகுதிகளில் விழுபவை ஒன்றிரண்டே. லட்சக்கணக்கான ஐயங்களை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைக்க, இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மேற்கோள் வரிசையும் நடுநிலையானதல்ல. பரவலாகப் பயன்படும் பதிப்பின் சுமார் 70 விழுக்காடு ஒரே மனிதரின் டி.என்.ஏ.விலிருந்து வந்தது. மக்கள்தொகைத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரின் பங்கு மிகுதி. எனவே மற்ற மக்களிடம் இயல்பாகப் பரவலாக இருக்கும் மாற்றம் ஒன்று, தரவில் இல்லாத ஒரே காரணத்தால் அரிதானதாகத் தோன்றி, தெளிவற்ற வகையில் சேர்ந்துவிடுகிறது. அதே பரிசோதனைக்கு அதே தொகையைச் செலுத்தியும் சிலருக்கு மட்டும் குறைந்த பயன் கிடைப்பது கடுமையான அநீதி. கருவி விலை எவ்வளவு குறைந்தாலும் இது தானாகச் சரியாகாது. 47 பேரின் வரிசைகளை இணைத்து 2023இல் வெளியான மனிதப் பலதொகுதி மேற்கோளின் முதல் வரைவு இத்திசையில் ஒரு தொடக்கம்.

ஆகவே ஒரு கட்டணத்தைக் கேட்டுப் பெறும்போது, அதன் பின்னால் இருப்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: சராசரி ஆழத்தோடு, குறைந்தது 20 முறை வாசிக்கப்பட்ட இடங்கள் எத்தனை விழுக்காடு என்பதையும், குறுகிய வாசிப்பா நீண்ட வாசிப்பா, பெரிய நீக்கங்களையும் அடுக்கு வரிசைகளையும் தேடினார்களா என்பதையும், விளக்க அறிக்கை கட்டணத்தில் அடங்குமா என்பதையும். மூலத் தரவுக் கோப்புகளைத் தர மறுக்கும் ஆய்வகத்தை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் தவிர்ப்பேன். 30 மடங்கு ஆழத்தில் ஒருவரின் தரவு பல பத்து கிகாபைட் இடத்தைப் பிடிக்கும். அதைப் பாதுகாப்பதற்கு ஆண்டுதோறும் செலவு உண்டு. எனினும் நோய்க் காரணமான மரபணுக்களின் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் நீள்வதால், விடை கிடைக்காத பழைய தரவை ஓரிரு ஆண்டுகள் கழித்து மறுபடி அலசும்போது, புதிய மாதிரியோ புதிய ஓட்டமோ இல்லாமலேயே ஒரு பகுதியினருக்கு நோயின் பெயர் கிடைத்துவிடுகிறது. அந்த மறுஅலசலுக்குத் தனிக் கட்டணமா, எத்தனை ஆண்டுகளுக்குள் கேட்கலாம் என்பதையும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.